876 தடவை அம்புக்குறியை அமுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் எழுதியிருப்பது, அவ்வளவுதான். நாள் முழுக்க நான் பார்க்கிற வேலை அடுத்தவர்களுக்காகக் கம்ப்யூட்டரில் படிவம் நிரப்புவது. கல்லூரி விண்ணப்பம், அரசுத் தேர்வு விண்ணப்பம், பான் கார்டு, கரண்ட் பில், பட்டா நகல், ரயில் டிக்கெட் என்று காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதுக்கும் யாராவது ஒருவர் போனை நீட்டிக்கொண்டு நிற்பார். "இனி எல்லாச் சேவையும் உங்கள் கைக்குள்" என்கிற மாதிரிச் செய்தி உங்கள் நாளிதழில் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. அதைப் படித்துவிட்டு ஒருவர் நேராக என் கடைக்கு வந்து கேட்டார்: "எங்க கைக்குள்ளதான் இருக்காம்லா அண்ணாச்சி, அதை எப்படி வெளிய எடுக்கதுன்னு சொல்லுங்க."

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை எழுதுவது என் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதுதான், ஏனென்றால் இந்த ஆப்களும் இணையப் பக்கங்களும் சாதாரண ஆட்கள் தாங்களே பார்த்துச் செய்துகொள்கிற மாதிரி அமைந்துவிட்டால் என் கடையில் பாதி வியாபாரம் படுத்துவிடும். பரவாயில்லை, படுக்கட்டும்.

2025 ஜூன் மாதம் ஓர் ஆச்சி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூத்த குடிமக்களுக்கான ஓர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பேரன் ஒன்பதாவது படிக்கிறான், போனை நன்றாக நோண்டுகிற பையன், வீட்டிலேயே முயற்சி செய்து பார்த்திருக்கிறான். பிறந்த தேதி கேட்கிற இடத்தில் ஒரு காலண்டர் திறந்திருக்கிறது. அதில் அந்த மாதம் தெரியும், இடப்பக்கம் ஓர் அம்புக்குறி, ஒரு தடவை அமுக்கினால் ஒரு மாதம் பின்னால் போகும். ஆச்சி பிறந்தது 1952 ஜூன் 1 (பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டுவிட்ட தேதி, எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர்களில் பல பேர் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள்). 73 வருடம், வருடத்துக்குப் பன்னிரண்டு, ஆக 876 தடவை அமுக்க வேண்டும். பையன் 2003 வரைக்கும் போயிருக்கிறான். அங்கே விரல் தவறி எங்கேயோ பட்டு, காலண்டர் மூடி, திரும்பத் திறந்தால் மறுபடியும் 2025 ஜூன்.

காலண்டரின் தலையில் "ஜூன் 2025" என்று எழுதியிருக்கிறது பாருங்கள், அந்த எழுத்தைத் தொட்டால் வருடப் பட்டியல் திறக்கும், அதிலிருந்து ஒரே தாவாக 1952க்குப் போய்விடலாம். இது எனக்கே கடை வைத்து மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் தற்செயலாகக் கை பட்டு. அந்த எழுத்து ஒரு பட்டன் மாதிரியே இருக்காது, அடியில் கோடு கிடையாது, பக்கத்தில் ஒரு குறி கிடையாது. கட்டினவனுக்கு மட்டும் தெரிந்த கதவு. காலண்டர் என்பது அடுத்த வாரம் எந்தக் கிழமை பஸ் ஏறலாம் என்று பார்ப்பதற்கு நல்ல சாமான், பிறந்த தேதி சொல்வதற்கு அது எதற்கு? பழைய காகிதப் படிவத்தில் தேதிக்கு எட்டுக் கட்டம் இருக்கும், நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு நான்கு, அதை நிரப்பத் தெரியாமல் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஆச்சி அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார். "எனக்குத்தான் விவரம் பத்தாது, இந்தப் பயலுக்குமா பத்தாது?" எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. தப்பு தன்னுடையது என்று அவராகவே எடுத்துக்கொள்கிறார். கடைக்கு வருகிற எல்லோருமே அப்படித்தான், "நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். எட்டு ஏக்கரில் பிச்சிப் பூ போட்டு, மருந்துக்கும் கூலிக்கும் மார்க்கெட் விலைக்கும் மனசிலேயே கணக்குப் போடுகிற மனுஷன் ஒரு ஆப் முன்னால் உட்கார்ந்தவுடன் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொள்கிறார்.

இதே ஆச்சி ஒவ்வொரு தேர்தலிலும் யார் துணையும் இல்லாமல் தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், வாசிக்க வராது. 2001 சட்டமன்றத் தேர்தலிலேயே தமிழ்நாடு முழுக்க எல்லாத் தொகுதிக்கும் மின்னணு எந்திரம் வந்துவிட்டது. ஆக கால் நூற்றாண்டாக ஆச்சி ஒரு கம்ப்யூட்டர் சாமானை எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். (அந்த எந்திரத்தின் மேல் இருக்கிற அரசியல் சண்டைக்குள் நான் போகவில்லை, நான் சொல்வது அதன் முன்னால் நிற்கிற ஆளுக்கு அது எப்படி இருக்கிறது என்பதை மட்டும்.) ஒரு பெயர், பக்கத்தில் ஒரு சின்னம், அதற்கு நேராக ஒரு நீல பட்டன். ஒரு பெட்டியில் அதிகபட்சம் 16 வரிசை. அமுக்கினால் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு பீப் சத்தம் வரும், அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஓட்டு விழுந்துவிட்டது என்று தெரியும். இப்போது கூடவே ஒரு சீட்டும் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டு விழுகிறது. பார்வை இல்லாதவர்களுக்குப் பிரெய்ல் உண்டு. பதற்றத்தில் இரண்டு தடவை அமுக்கினாலும் ஓட்டு ஒன்றுதான், அதிகாரி தன் பக்கத்துப் பெட்டியில் பட்டனைத் தட்டித் திறந்துவிடாமல் அடுத்த ஓட்டு விழாது.

இதை இணையத்தில் பணம் கட்டுகிற பக்கங்களோடு வைத்துப் பாருங்கள். "தயவுசெய்து பேக் பட்டனை அமுக்காதீர்கள், பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள்" என்று சுற்றிக்கொண்டே எச்சரிக்கை ஓடும். இரண்டு தடவை அமுக்கினால் இரண்டு தடவை பணம் போகக்கூடும் என்று கட்டினவர்களுக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்தும் அதைத் தடுக்கிற பொறுப்பை ஆச்சியின் விரலிடம் விட்டுவிட்டார்கள்.

ஓட்டு எந்திரம் வானத்திலிருந்து விழவில்லை. 1982இல் கேரளத்தில் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடியில் வைத்துப் பார்த்ததிலிருந்து எல்லா இடத்துக்கும் வர இருபது வருடம் ஆனது. அதற்கும் முன்னால், 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தார். படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்லவில்லை, எல்லோருக்கும் முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தேர்தல் வைக்கலாம் என்றும் உட்காரவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டி மேல் சின்னத்தை ஒட்டினார்கள். சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், முத்திரையும் குத்த வேண்டாம், பெட்டியில் போட்டால் போதும். அன்றைக்கே இங்கே அந்த யோசனை இருந்திருக்கிறது. நடுவில் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

சரி, கடைக்கு வருகிறேன். பேங்க் கணக்கு விவரம் கொடுக்கும்போது ஐஎஃப்எஸ்சி கோடு என்று ஒன்று கேட்பார்கள். மொத்தம் 11 எழுத்து. முதல் நான்கு பேங்கின் பெயர், கடைசி ஆறு கிளையைக் குறிப்பது, நடுவில் ஐந்தாவதாக வருவது எப்போதுமே பூஜ்யம். எந்த பேங்காக இருந்தாலும், எந்தக் கிளையாக இருந்தாலும் பூஜ்யம்தான். ஆனால் பாஸ்புக்கில் அச்சடித்திருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அது ஆங்கில 'ஓ' மாதிரியே தெரியும், 'ஓ' என்றே அடிப்பார்கள், உடனே "தவறான ஐஎஃப்எஸ்சி" என்று சிவப்பில் வரும். தப்பு எங்கே என்று சொல்லாது. ஐந்தாவது இடத்தில் 'ஓ' வந்தால் அது பூஜ்யம்தான் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியும், வேறு எதுவாகவும் இருக்க முடியாது, தானே மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே? ஒரே ஒரு வரி வேலை என்று புரோகிராம் எழுதுகிற தம்பி ஒருவர் சொன்னார். பான் நம்பரும் இதே கதைதான், முதலில் ஐந்து எழுத்து, அப்புறம் நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து, எந்த இடத்தில் எழுத்து வரும் எந்த இடத்தில் இலக்கம் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

ஆதார் இன்னும் வேடிக்கை. அட்டையில் நான்கு நான்காகப் பிரித்து அச்சடித்திருப்பார்கள், மனிதன் வாசிக்க அதுதான் வசதி. அப்படியே இடைவெளி விட்டு அடித்தால் சில பக்கங்கள் ஏற்றுக்கொள்ளாது. அதிலும் 12ஆவது இலக்கம் சும்மா வைத்ததில்லை, முந்தைய பதினொன்றையும் ஒரு கணக்கில் போட்டு வருகிற சரிபார்ப்பு இலக்கம் அது. ஏதாவது ஓர் இலக்கம் மாறிப்போனாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறிவிட்டாலும் கணக்கு இடிக்கும். அதாவது தப்பாக அடித்த அந்த நொடியிலேயே "ஒரு இலக்கம் மாறியிருக்கிறது, பாருங்கள்" என்று சொல்ல முடியும். நான் பார்த்த பல படிவங்களில் நாலு பக்கம் நிரப்பி, போட்டோ ஏற்றி, கேப்ட்சா போட்டு, கடைசிப் பட்டனை அமுக்கின பிறகுதான் சொல்கிறார்கள். சொல்வதும் "தவறான உள்ளீடு" என்கிற இரண்டே வார்த்தை. எந்த உள்ளீடு ஐயா?

போட்டோ என்றவுடன் ஞாபகம் வருகிறது, தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். போனில் எடுக்கிற படம் மூன்று எம்பி, நான்கு எம்பி இருக்கும். கேபி என்றால் என்ன என்று விண்ணப்பிக்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, படத்தைச் சுருக்குவது கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் செய்கிற வேலை, வாங்கிக்கொள்கிற பக்கமே செய்துவிடலாம். செய்யாததால் அதற்கு நான் 20 ரூபாய் வாங்குகிறேன். வாங்கும்போது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வாங்குகிறேன்.

பெயர்ப் பிரச்சினை தனி. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம், நிரப்பாவிட்டால் நகராது, இனிஷியல் மட்டும் போட்டாலும் ஏற்காது. கருப்பசாமி மகன் முருகன் ஓர் அட்டையில் முருகன் கருப்பசாமி, இன்னொன்றில் க. முருகன், மூன்றாவதில் வெறும் முருகன். 2023 ஜூன் கடைசியில் ஆயிரம் ரூபாய் கட்டணத்தோடு பானையும் ஆதாரையும் இணைக்கக் கடைசித் தேதி வந்தபோது இந்த மூன்று முருகன்களும் ஒருவர்தான் என்று நிரூபிக்க என் கடை வாசலில் ஆட்கள் நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தமிழில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தீரவில்லை. பட்டியலில் தமிழ் என்று இருந்தால் நான் ஆசையாகத்தான் தேர்ந்தெடுப்பேன், கடைக்கு வருகிறவர்களே "வேண்டாம் அண்ணாச்சி, இங்கிலீஷ்லயே வைங்க" என்கிறார்கள். காரணம் மொழி மேல் வெறுப்பு இல்லை. தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட இடம் அதிகம் பிடிக்கும், ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த கட்டத்தில் அதைத் திணிப்பதால் பாதியில் வெட்டுப்படும். ஒரு பக்கத்தில் "விண்ணப்பதாரரின்" என்று எழுதி மூன்று புள்ளி, அதற்குக் கீழேயும் "விண்ணப்பதாரரின்" மூன்று புள்ளி. மேலே இருந்தது பெயர், கீழே இருந்தது தந்தை பெயர், எது எது என்று ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அப்புறம் "மீட்டமை", ஆங்கிலத்தில் ரீசெட். சமர்ப்பிக்கிற பட்டனுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், அதே நிறத்தில் இருக்கும். எங்கள் தெருப் பையன் ஒருவன் கல்லூரி விண்ணப்பத்தை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நிரப்பிவிட்டு, கரண்ட் போய் வந்ததில் ஏதாவது அழிந்துவிடப் போகிறது என்று பயந்து "மீட்டமை"யை அமுக்கினான். மீட்டுக் கொடுக்கும் என்று நினைத்திருக்கிறான். மொத்தமும் அழிந்துவிட்டது, "நிச்சயமா?" என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அவன் எடுத்த பொருள் தப்பு என்று யாராவது சொல்வார்களா? இத்தனைக்கும் நிரப்பியதையெல்லாம் ஒரே அடியில் அழிக்கிற பட்டன் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அதை வேண்டும் என்று அமுக்கி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் நேரம் போகிற தப்பு. பணம் போகிற தப்பும் இருக்கிறது. விசைத்தறி ஓட்டுகிற ஒருவர், எனக்குப் பழக்கம், பழைய மொபெட்டை விற்க ஆன்லைனில் படம் போட்டிருந்தார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவன் பேசினான், வண்டியைப் பார்க்காமலேயே எடுத்துக்கொள்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், வருகிற மெசேஜைத் தொட்டு உங்கள் பின் நம்பரை (ரகசிய எண்ணை) போடுங்கள், பணம் ஏறிவிடும் என்றான். போட்டார். இரண்டாயிரம் போய்விட்டது. தப்பாகப் போய்விட்டது, திருப்பி அனுப்புகிறேன், மறுபடியும் போடுங்கள் என்றான். மறுபடியும் போட்டார், இன்னொரு இரண்டாயிரம். வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம், அவர் வீட்டிலும் சிரித்துத் திட்டினார்கள். ஆனால் அந்தத் திரையைக் கொஞ்சம் யோசியுங்கள். யுபிஐ 2016இல் வந்ததிலிருந்தே பணம் அனுப்புகிற வசதியோடு அடுத்தவரிடம் பணம் கேட்கிற வசதியும் இருந்தது. நண்பர்கள் ஓட்டல் பில்லைப் பங்கு போட, வாடகையை ஞாபகப்படுத்த என்று யோசித்திருப்பார்கள், தெரிந்தவர்கள் கையில் அது நல்ல வசதிதான். கேட்கிறவன் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதலாம், மோசடிக்காரன் அதில் "அட்வான்ஸ் பெற பின் போடவும்" என்று எழுதி அனுப்புவான். அதைத் தொட்டால் வருகிற பின் திரையும், நாம் கடையில் பணம் கொடுக்கும்போது வருகிற பின் திரையும் ஒன்றேதான். அதே நிறம், அதே எண்கள், அதே டிக் குறி. பேங்கில் பணம் கட்டுகிற சலான் ஒரு நிறம், எடுக்கிற சலான் வேறு நிறம் என்று பார்த்துப் பழகின ஆளுக்கு இங்கே போகிற பணத்துக்கும் வருகிற பணத்துக்கும் வித்தியாசம் காட்ட எதுவுமே இல்லை. பின் என்பது அவர் மனதில் சாவி. சாவி பெட்டியைத் திறக்கும், உள்ளே வைக்கவும் அதுதான், வெளியே எடுக்கவும் அதுதான். அப்படி நினைப்பதில் என்ன முட்டாள்தனம் இருக்கிறது?

பல வருடம் "பணம் பெற பின் தேவையில்லை" என்று எல்லாரும் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். விளம்பரம், எஸ்எம்எஸ், போஸ்டர் எல்லாம் வந்தது. ஒரு தடவைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது என்று வரம்பும் போட்டார்கள். அப்படியும் நிற்கவில்லை. கடைசியில் 2025 அக்டோபரிலிருந்து ஆளுக்கு ஆள் பணம் கேட்கிற அந்த வசதியையே யுபிஐயை நடத்துகிற நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் எடுத்துவிட்டது. வியாபாரிகள் கேட்பது மட்டும் இருக்கிறது. எடுத்தது நல்ல முடிவு, மனதாரச் சொல்கிறேன். ஒரு வசதியைப் பயன்படுத்துகிறவனுக்கு வருடக்கணக்கில் எச்சரிக்கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு வசதியில்தான் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் சீக்கிரம் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். தறிக்காரரின் நாலாயிரம் திரும்பி வரவில்லை.

நல்லதாகச் செய்ததே இல்லையா என்றால் இருக்கிறது. எங்கள் பூ மார்க்கெட்டுக்கு வாருங்கள். பூ கட்டி விற்கிற அக்கா ஒருவர், கை எப்போதும் ஈரம், ஒரு கையில் நார், இன்னொரு கையில் பூ, போனை எடுத்துப் பணம் வந்ததா என்று பார்க்க முடியாது. பார்த்தாலும் எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் இருக்கும். வாங்குகிறவர் தன் போனைக் காட்டி "அனுப்பிட்டேன்க்கா" என்பார், அது நேற்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டாகக்கூட இருக்கும். அப்போதுதான் அந்தப் பேசுகிற பெட்டி வந்தது, 2019இல் பேடிஎம் கொண்டுவந்தது, அப்புறம் மற்றவர்களும். அதில் திரை கிடையாது, லாகின் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சத்தமாகச் சொல்லும், அவ்வளவுதான். "பெறப்பட்டது" என்று எங்கள் மார்க்கெட்டில் யாரும் பேசமாட்டார்கள் என்பது வேறு விஷயம், ஆனால் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா பூவைப் பொட்டலம் கட்டுகிறார். அதை உண்டாக்கினவர்கள் கண்டிப்பாக ஒரு தள்ளுவண்டிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்கள். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை அதில், ஒரு சிம்மும் ஒரு ஸ்பீக்கரும்.

நானும் யோக்கியன் இல்லை. என் வீட்டம்மா மகளிர் குழுவில் கணக்குப் பார்க்கிறார், பன்னிரண்டு பேர் குழு. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் பெரிய அறிவாளி மாதிரி எக்செல்லில் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தேன். பதினான்கு பத்தி. சேமிப்பு, கடன், வட்டி, அசலில் கழிந்தது, மீதி, அபராதம், போன மாதத்து வித்தியாசம், கீழே கூட்டுத்தொகை தானாக வரும், வட்டி தானாக வரும், ஒரு வண்ணப் படம்கூட வைத்தேன். இரண்டு மாதம் எனக்காகப் பொறுத்துக்கொண்டு பார்த்தார், மூன்றாவது மாதம் நோட்டை எடுத்துவிட்டார். கோபம் வந்தது எனக்கு. எவ்வளவு வசதியாகச் செய்து கொடுத்தேன், பழகிக்கொள்ள மாட்டேன் என்கிறாளே என்று. அதாவது கடைக்கு வருகிறவர்களைப் பார்த்து எவனோ நினைக்கிற அதே நினைப்பு. அப்புறம் ஒரு நாள் கூட்டம் நடக்கிற திண்ணையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் அந்த நோட்டிடம் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த மாதம் இன்னும் யார் கட்டவில்லை? நோட்டில் பெயருக்கு நேராக ஒரு டிக் இருக்கும் அல்லது இருக்காது, தூரத்திலிருந்தே தெரியும். என்னுடைய பதினான்கு பத்தியில் அதைக் கண்டுபிடிக்க வலப்பக்கம் இரண்டு திரை தள்ளிப் போக வேண்டும். திரும்பச் செய்தேன், பன்னிரண்டு பெயர், பெரிய எழுத்து, கட்டாதவர் பெயர் சிவப்பு. மற்றதெல்லாம் உள்ளே இருக்கிறது, வேண்டுமானால் திறந்து பார்க்கலாம். அதைப் பயன்படுத்துகிறார். நோட்டையும் விடவில்லை, அது வேறு.

விவரம் தெரிந்தவர்களுக்கும் வசதி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நானே அந்தக் கட்சிதான். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது படிவம் அடிக்கிறவனுக்கு மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே ஓட வேண்டும், எனக்குப் பிடித்த ஒரு பக்கத்தைச் சுலபமாக்குகிறேன் என்று ஒரே திரையில் இருந்ததை ஆறு திரையாக உடைத்தபோது நான்தான் முதலில் திட்டினேன். தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள், 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு, ஒரே எழுத்தை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். பழகினவர்களுக்கு அதைவிட வேகம் வேறு எதிலும் வராது, இந்தக் கடிதத்தை அதில்தான் அடிக்கிறேன். ஆனால் கடைக்கு வருகிறவரிடம் முதலில் தமிழ்99 பழகிவிட்டு வா என்று நான் சொல்ல முடியுமா? அவருக்கு 2017இல் கூகுள் தமிழுக்குக் கொண்டுவந்த பேசி எழுதுகிற வசதி போதும், மைக் படத்தைத் தொட்டுப் பேசுகிறார், நெல்லைத் தமிழைக் கொஞ்சம் கொலை செய்தாலும் காரியம் நடக்கிறது. இரண்டும் ஒரே போனில் இருக்கின்றன, ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சல் இல்லை. முதலில் திறக்கிற கதவு யாருக்கானது என்பதுதான் பேச்சு.

இந்த ஆப்களை எழுதுகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதில் பாதிப் பேர் இதே கடையில் கல்லூரி விண்ணப்பம் போட்டுப் போனவர்கள்தான். தீபாவளிக்கு வரும்போது பேசிப் பார்த்திருக்கிறேன். முடித்துக் கொடுக்கிற தேதி கழுத்தைப் பிடிக்கும், சோதித்துப் பார்ப்பது பக்கத்து சீட்டில் இருக்கிற இன்னொரு இன்ஜினியர், அவருக்குக் காலண்டர் தலைப்பைத் தொட வேண்டும் என்று சொல்லாமலே தெரியும். டெண்டரில் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கும், அதை ஓர் எழுபது வயது ஆள் தனியாகச் செய்து முடிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். வெளியிடுவதற்கு முன்னால் ஐந்து பேரை உட்காரவையுங்கள், எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள், பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டு பாருங்கள். வாயை மூடுவதுதான் கஷ்டம், எனக்கே வராது. ஆள் கிடைக்கவில்லை என்றால் என் கடைக்கு அனுப்புங்கள், கூடுதலாக ஒரு ஸ்டூல் கிடக்கிறது, டீ நான் வாங்கித் தருகிறேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நல்ல கூட்டம் இருக்கும்.

ஆச்சிக்கு அந்த அட்டை வந்துவிட்டது, லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன்.

கடிதம் நீளமாகிவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள். எதை வெட்டினாலும் அந்த ஐந்தாவது பூஜ்யத்தை மட்டும் விட்டுவிடுங்கள், எவராவது ஒரு பேங்க் ஆள் கண்ணில் படட்டும். இதை உங்கள் இணையதளத்தில் வாசகர் கடிதம் பகுதியில்தான் முதலில் போடப் பார்த்தேன். பெயர், ஊர், போன் நம்பர், ஓடிபி எல்லாம் கொடுத்து, கடிதத்தை ஒட்டி, அனுப்புகிற பட்டனை அமுக்கிய பிறகு "தவறான உள்ளீடு" என்று வந்தது. எழுத்து அதிகமா, புள்ளி ஏதாவது ஆகாதா, தெரியவில்லை. பேக் போனால் எல்லாம் அழிந்திருந்தது. நல்லவேளை வேறு இடத்தில் அடித்து வைத்திருந்தேன். பிரிண்ட் எடுத்துத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
சங்கரன்கோவில்.